மாலதி ஏறிய உயரம்

முப்பத்து நான்கு வயதில் மாலதிக்குப் பார்வை அநேகமாக முழுவதும் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. இருபதுகளில் மாலைக்கண் போலத் தொடங்கி, ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்கு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அதன்பின் அவள் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டரில் வேலை பழகினாள். வங்கித் தேர்வு எழுதினாள். இப்போது செம்பூரில் வீடு, வாஷியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. காலை நெரிசலில் கைத்தடியோடு ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்துத் தனியாகவே போய் வருவாள்.

அவளுடைய தோழி நஜ்முன்னிசா, சீத்தா கேம்ப்பில் பெண்களுக்கான துணிக்கடை வைத்திருக்கிறாள். இருவருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான் பூர்வீகம் என்றாலும் பிறந்தது தாராவியில். அங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த சட்டைகளில் நூல் வெட்டும் வேலைக்கு ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். ஒருத்தி இந்து, ஒருத்தி முஸ்லிம் என்று யாரும் அவர்களைப் பிரித்துப் பார்த்ததில்லை. டப்பாவைத் திறந்தால் எது யாருடைய குழம்பு என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தக் கம்பெனி முதலாளி ஒரு தீபாவளிக்கு எல்லோரையும் கடற்கழியைப் படகில் தாண்டிப் போகவேண்டிய ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனார். மாலதி ரோலர் கோஸ்டரை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். ஏறி இறங்கியவள் மறுபடி வரிசையில் போய் நின்றாள். நஜ்முன்னிசாவுக்கு உயரம் என்றால் ஆகாது. இரண்டு மாடி மேலே நின்றால்கூட சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அவள் கீழே நின்று மாலதியின் செருப்பையும் கைப்பையையும் பத்திரமாக வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் உச்சியில் வண்டி ஒரு நொடி தயங்கும்போது, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் தென்னைகளும் தெரிந்ததை மாலதி வந்து வந்து சொன்னாள். திரும்பும்போது படகில் இருட்டிவிட்டது. அக்கரை விளக்குகளைப் பார்த்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, மாலதிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பலகையைத் தவறவிட்டு விழப்போனவளை நஜ்முன்னிசா கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதலில் சொன்னவளும் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனவளும் அவள்தான்.

அந்தப் பார்க்கை இப்போது மூடிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று இருவரும் போனில் வெகுநேரம் பழைய கதைகளைப் பேசினார்கள். யார் வாந்தி எடுத்தது, யார் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் இரண்டாவது பிரியாணிப் பொட்டலம் வாங்கியது என்று ஒவ்வொன்றாக வந்தது. பேச்சு ஓய்ந்தபோது நஜ்முன்னிசா பெருமூச்சு விட்டாள். மாலதி விடவில்லை.

"பழசு போனா போவுது. பன்வேல் தாண்டி புதுசா ஒண்ணு வந்திருக்காம். அதுல இதைவிடப் பெரிய கோஸ்டர் இருக்குன்னு ஆபீஸ்ல சொல்லுதாங்க. போவோமாட்டி?"

நஜ்முன்னிசா முதலில் கடையைச் சாக்குச் சொன்னாள். பிறகு வெயிலைச் சொன்னாள். பிறகு, கீழே நிற்பதாக இருந்தால் வருவதாகச் சொன்னாள். ஜனவரி மாதம் ஒரு புதன்கிழமை இருவரும் லீவு போட்டுக் கிளம்பினார்கள். செம்பூரில் பஸ் பிடித்து, மைத்ரீ பூங்கா தாண்டி, வாஷி பாலத்தில் கடல் காற்று அடித்தபோது மாலதி ஜன்னலை முழுதாகத் திறந்துகொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி பன்வேல் வருவதற்குள் கொண்டுவந்த தின்பண்டம் முழுவதையும் தின்று தீர்த்தார்கள்.

கோஸ்டர் வரிசையில் அவர்கள் முறை வந்ததும், வாசலில் நின்ற பெண் மாலதியின் கைத்தடியைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். பார்வை இல்லாதவர்களை இதில் ஏற்றுவதில்லை என்று இந்தியில் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் ஒதுங்கி முன்னே போகத் தொடங்கினார்கள். நஜ்முன்னிசா தோழியின் முழங்கையைத் தொட்டாள்.

"விடுட்டி. அங்கன வேற ரைடு நெறைய இருக்கு. ராட்டினத்துல ஏறுவோம்."

அந்தக் குரலில் இருந்த நிம்மதி மாலதிக்குக் கேட்டது. அதற்காக அவள் கோபப்படவில்லை. ஆனால் நகரவும் இல்லை. மேனேஜரைக் கூப்பிடுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

மேனேஜர் வந்தார். அவர் மரியாதையாகத்தான் பேசினார் என்று மாலதி பிறகு எல்லோரிடமும் சொன்னாள். கண்ணில்லாததால் வண்டியில் உட்கார முடியாது என்று அவர் சொல்லவில்லை. மின்சாரம் போய் வண்டி உச்சியில் நின்றுவிட்டால், ஏறியவர்கள் தண்டவாளத்தை ஒட்டிய இரும்புப் படிகளில் நடந்துதான் கீழே இறங்கவேண்டும். ஒரு ஆள் அகலம்தான். அதில் உங்களை எப்படி இறக்குவேன் என்று கேட்டார்.

மாலதி கொஞ்சம் யோசித்தாள். அவர் கேட்டது நியாயமான கேள்வியாகவே அவளுக்குப் பட்டது. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று தைரியமும் வந்தது.

அந்தப் படிகளை எனக்குக் காட்டுங்கள், ஏறி இறங்கிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் நானே வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள்.

மேனேஜர் அங்குமிங்கும் போன் செய்தார். மதியம் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் நேரம் ஒன்று உண்டு, அப்போது வேண்டுமானால் பாதுகாப்பு பெல்ட் போட்டு டெக்னீஷியன் கூட்டிப்போவார் என்றார். ஆனால் ஒரு விதி. பார்வையற்றவரோடு துணைக்கு வந்தவரும் வண்டியில் பக்கத்தில் உட்காரவேண்டும். அதனால் அவரும் படி ஏறித்தான் ஆகவேண்டும்.

நஜ்முன்னிசா தலையை நிமிர்த்தி அந்த இரும்பு மலையைப் பார்த்தாள். பிறகு மாலதியின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்த முகம் தன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு மயக்கம் வந்தா நீதான் எங்க வீட்ல பதில் சொல்லணும்," என்றாள். அதுதான் அவள் சம்மதம்.

மதியம் வண்டி நின்றது. டெக்னீஷியன் முன்னால் போக, அடுத்து மாலதி, கடைசியில் நஜ்முன்னிசா. கைத்தடியை மடக்கிப் பையில் வைத்துவிட்டு மாலதி இரண்டு பக்கக் கம்பிகளையும் பிடித்துக்கொண்டாள். முதல் சில படிகளிலேயே அவற்றின் அளவு காலுக்குப் பிடிபட்டுவிட்டது. எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். பான்பராக் துப்பல் இல்லை, கூடைக்காரி இல்லை, இடித்துக்கொண்டு ஓடுகிறவன் இல்லை. செம்பூர் ஸ்டேஷன் பாலத்தைவிட இது சுகமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். மேலே போகப் போகக் காற்று பலமானது. கீழே இருந்த சத்தமெல்லாம் மெல்லிசாகியது. உச்சி மேடையைக் கை தொட்டபோது டெக்னீஷியன் சபாஷ் என்றார்.

திரும்பி இறங்கும்போதுதான் அது நடந்தது. ஏறுகையில் நஜ்முன்னிசா மாலதியின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள். இறங்கத் திரும்பியதும் முழுப் பள்ளமும் கண்முன் விரிந்தது. ஓட்டைத் தகட்டுப் படிகளின் வழியே, எங்கோ அடியில், மனிதர்கள் அரிசி மாதிரி சிதறிக் கிடந்தார்கள். அவள் மேடை ஓரத்திலேயே கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டெக்னீஷியன் என்ன சொல்லியும் அசையவில்லை. அவளுடைய மூச்சு மாலதிக்குக் கேட்டது. மாலதி அவளுக்கு முன்னால் வந்து, ஒரு படி கீழே நின்றுகொண்டாள்.

"நஜ்மு, கண்ண மூடிக்க."

"மூடினா விழுந்துருவேன்."

"நான் தெனமும் மூடிக்கிட்டுத்தானட்டி வாரேன். விழுந்தேனா? என் தோளப் பிடி. காலை மட்டும் கீழ இறக்கு. படி அங்கனதான் இருக்கும், எங்கயும் ஓடிராது."

நஜ்முன்னிசா கண்ணை மூடினாள். ஒரு கை கம்பியில், ஒரு கை மாலதியின் தோளில். மாலதி ஒவ்வொரு படிக்கும் 'ம்' என்றாள். அந்த 'ம்' வந்ததும் நஜ்முன்னிசா காலை இறக்கினாள். முதலில் மெதுவாக, பிறகு இருவருக்கும் ஒரு தாளம் வந்துவிட்டது. பாதி வந்ததும் நஜ்முன்னிசாவே, கடையில் புதிதாக வந்த துணியைப் பற்றி ஏதோ பேசத் தொடங்கினாள். தரையில் கால் பட்டபோதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. வந்தாச்சு என்று மாலதி சொன்ன பிறகுதான் திறந்தாள். கீழே பெரிய கூட்டம் நின்றிருந்தது. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

மேனேஜர் அருகில் வந்து, இப்போது எனக்கு ஒரு கவலையும் இல்லை என்றார். எந்த வரிசை வேண்டும் என்றும் கேட்டார். மாலதி முன்வரிசை கேட்டாள்.

வண்டி சங்கிலியில் கடகடவென்று ஏறியது. தோள் மேல் இறங்கிய கம்பியை நஜ்முன்னிசா இறுகப் பிடித்துக்கொண்டு ஓதத் தொடங்கினாள். உச்சியில் சங்கிலிச் சத்தம் நின்றது. மாலதிக்குக் கடல் நினைவுக்கு வரவில்லை, தென்னை நினைவுக்கு வரவில்லை. மலைப் பக்கத்திலிருந்து வந்த உலர்ந்த காற்று முகத்தில் பட்டது. அதில் காய்ந்த புல் வாசனை இருந்தது. அடுத்து எது என்று தெரியாத அந்த நொடி முழுக்க அவளுடையதாக இருந்தது. பிறகு உடம்பே இல்லாதது போல விழுந்தாள். வண்டி அவளை வலது பக்கம் சாய்த்தது, தலைகீழாகத் திருப்பியது. மாலதி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நஜ்முன்னிசா கத்தியதில் பாதி அரபி, பாதி தாராவித் தமிழ். அந்தத் தமிழில் மேனேஜரின் வம்சமே அடிபட்டது.

வண்டி நின்றதும் நஜ்முன்னிசா, தலையிலிருந்து நழுவிய துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னொரு தடவை போவோமா?" என்று கேட்டது அவள்தான்.

அன்று அவர்கள் மூன்று முறை ஏறினார்கள். கிளம்பும்போது மேனேஜர், இனிமேல் இப்படி வருகிறவர்களுக்கு முதலில் படிகளைக் காட்டிவிட்டு, முடிந்தால் ஏற்றுவதாகச் சொன்னார். மாலதி அந்தச் சொல்லைக் காற்றில் விடவில்லை. மாட்டுங்காவில் சனிக்கிழமைதோறும் கூடும் பார்வையற்ற பெண்கள் சங்கத்தில் அவளும் ஒருத்தி. அங்கே போய்ச் சொன்னதும், துணைக்கு வருகிறவர்களையும் சேர்த்து ஒரு மினி பஸ் நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சமையல் வகுப்பு எடுக்கும் விஜயலட்சுமியிலிருந்து, வீட்டைவிட்டு வெளியே வரவே பயந்துகொண்டிருந்த பரீஹா வரை.

மார்ச் மாதம் அவர்கள் போனார்கள். மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். படிகளில் முன்னால் மாலதி போனாள். நடுவில் பயந்து நின்றவர்களிடம் நஜ்முன்னிசா போய், பயம் எப்படி இருக்கும் என்பது தனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லி, தோளைக் கொடுத்து இறக்கினாள். எல்லோரும் இறங்கி முடிக்க நேரமானது. ஒருவரும் பின்வாங்கவில்லை.

அவர்களும் துணைக்கு வந்தவர்களுமாக வண்டி முழுவதையும் நிரப்பினார்கள். கம்பிகள் தோளில் இறங்கிப் பூட்டிக்கொண்டன. பின்வரிசையிலிருந்து பரீஹா, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டாள். காஷ்மீரில் பனியில் சறுக்கும் வண்டி உண்டு என்று விஜயலட்சுமி சொன்னாள். குளிருக்கு எல்லோருக்கும் தன் கடையில் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் நஜ்முன்னிசா. மே மாதம் லீவு கிடைக்குமா என்று யாரோ கேட்டு முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.