நாற்பத்தொரு பூட்டுகள்

பதினோரு மணிக்கு அமைச்சர் அறிவிக்கப் போகிறார்: ஏழைக் குழந்தைகள் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே வந்தாயிற்று, ஐந்தாண்டு இலக்கு முடிந்தது! முடிந்தால், சட்டப்படி குழந்தைகளுக்கான மாத உதவித்தொகையும் முடிந்தது. பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. தலைமைப் புள்ளியியல் அதிகாரியுடையது.

அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் ‘தராசு’. முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் தைரியம் கிடையாது.

மணி பத்து இருபது. இயக்குநர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மேடம், பேனாவுல மை இல்லையா?"

"மை இருக்கு சார். கைதான் வரல." கணக்கெடுப்புப் பட்டியல் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். "ஆலைக்குப் பின்னாடி தெரு. நூறு வீட்டுல நாற்பத்தொண்ணு ‘பூட்டிய வீடு’. மத்த ஊர் ஆலைத் தெருக்கள்லயும் இதே கதைதான்."

"மூணு தடவை போ, பூட்டியிருந்தா அடுத்த தெருவுல வேற வீட்டை எடு. நீங்க எழுதின விதிதானே?"

சுருக்கென்றது. அவளே எழுதியதுதான்.

"நேத்து மதியம் நானே போனேன். வெளியில பூட்டு தொங்குது, உள்ள டிவி ஓடுது. தட்டினா ஜன்னல்ல ஒரு பொண்ணு, ஏழு வயசிருக்கும். இடுப்புல தம்பி. ‘அம்மா, அப்பா ஆலைக்குப் போயிருக்காங்க. சாவி அவங்ககிட்ட. நீங்க திருட வந்தீங்களா?’ன்னு கேக்குது."

சிரிக்கப் போன இயக்குநர் பட்டியலை மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"பூட்டினதுல பதினாறு வீடு தட்டினேன். பதினொண்ணுல உள்ளே பிள்ளைங்க. பார்த்துக்க ஆள் வைக்க வக்கில்லாதவங்க பிள்ளைகளை வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போறாங்க. நாம அவங்களை விட்டுட்டு, பகல்ல கதவு திறக்கிற வீடாப் பார்த்து எண்ணியிருக்கோம்."

"அடுத்த வருஷம் திருத்திக்கலாம்மா."

"பணம் அடுத்த மாசமே நின்னுடும் சார்."

"பூனைக்கு யார் மணி கட்டுறது?"

"மணியோடதான் வந்திருக்கேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு அமைச்சரே நுழைந்தார். "ஆச்சா? கேமராக்காரங்க பறக்குறாங்க!"

மூன்றே நிமிடத்தில் சொல்லி முடித்தாள். அமைச்சரின் முகம் கறுத்தது.

"சரியா எண்ணினா எவ்வளவு வரும்?"

"பதினாலுக்குக் குறையாது ஐயா."

"தோத்துட்டேன்னு நானே போய்ச் சொல்லணுமா?"

"வேணும்னா ஜெயிச்சோம்னு சொல்லுங்க. ஆனா நாளைக்கே ஒரு பத்திரிகைக்காரர் அந்தக் கதவைத் தட்டுவார். அந்தப் பொண்ணு நல்லாவே பேசும்."

அமைச்சர் கையிலிருந்த உரையின் முதல் பக்கத்தை உருவி நாலாகக் கிழித்தார்.

பதினோரு மணிக்கு நேரலையில் சொன்னார்: "இலக்கை இன்னும் எட்டவில்லை. எங்கள் கணக்கில் பிழை. மறுபடி எண்ணுகிறோம், அதுவரை உதவித்தொகை நிற்காது. ஆலைத் தெருவில் குழந்தைகள் காப்பகம் திறக்கிறோம்."

அதற்குள் தராசு தன் விதியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தாள்: ‘பூட்டியிருந்தால், வீட்டாருக்கு விடுமுறை உள்ள நாளில் போகவும்.’

"ஞாயித்துக்கிழமையா?" இயக்குநர் அலறினார். "நம்ம ஆளுங்க என்னை உயிரோட விடமாட்டாங்க!"

"அதான் சார், முதல் தெருவுக்கு உங்களையே போட்டிருக்கேன்."