டிரெய்லரில் வந்த பிக்கப்

ராய்ஸ் தன் பழைய பிக்கப் வண்டியை வெர்லனின் ஷெட் வாசலில் நிறுத்தியபோது வெர்லன் எழுந்து வரவில்லை. எந்த நாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தானோ, அந்த நாள் தானாக வண்டி ஏறி வந்திருந்தது.

ஒரு காலத்தில் இரண்டு பேரும் கூட்டாளிகள். பழைய வண்டிகளை வெட்டி ஒட்டிப் பறக்கவிட்டவர்கள். ராய்ஸ் குடித்துவிட்டு, வாடிக்கையாளர் வண்டி ஒன்றைப் பாலத்துச் சுவரில் கொண்டுபோய் மோதினான். ஊரிலே சொன்னதோ வேறு: வெர்லன் வைத்த வெல்டிங் விட்டுப்போச்சாம். அமெரிக்காவில், கான்சஸ் கோதுமைக் காட்டு நடுவில் இருக்கிற சின்ன ஊர். அதற்கப்புறம் உடைந்த கலப்பையைக்கூட வெர்லனிடம் யாரும் கொண்டுவரவில்லை.

"ஸ்டியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடுதுடா. பழசைக் கழட்டிட்டு பவர் ஸ்டியரிங் போட்டேன். ஒரு விரல் பட்டாப் போதும், வண்டி ரோட்டோட எதிர்ப்பக்கம் பாயுது. டயர் மாத்தியாச்சு, அலைன்மென்ட் பாத்தாச்சு, எண்ணெயில இருந்த காத்தையும் எடுத்தாச்சு" என்றான் ராய்ஸ்.

"வெல்டிங்கைப் பாத்தியா? சிலது விட்டுப்போகுமாமே."

ராய்ஸ் சாவியை நீட்டினான்.

வெர்லன் தனியாக வண்டியை மண் ரோட்டுக்கு ஓட்டிப்போனான். வேகம் பிடித்ததும் அது பாம்பாய் நெளிந்தது. நிறுத்தி, ஸ்டியரிங் பம்பின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினான். ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது; வண்டி மட்டும் கோடு போட்டதுபோல் நேரே போனது. ஆக, கோளாறு பம்பில்தான். பெரிய லாரியில் பிடுங்கிய பம்பு, சின்னக் காருக்குச் செய்த ஸ்டியரிங். பெரிசாகப் போட்டால் பெருமை என்கிற புத்தி ராய்ஸுக்கு எப்போதும் உண்டு. பம்பு வால்வில் மெல்லிசாக இரண்டு வாஷர் சொருகினால் எண்ணெயின் அழுத்தம் அடங்கிவிடும். வெர்லன் பெல்ட்டை மறுபடி மாட்டிவிட்டுத் திரும்பினான்.

"கண்டுபிடிச்சாச்சு. பாலத்துல மோதினது நீதான்னு சனிக்கிழமை நம்ம சங்கத்து வண்டிக் கண்காட்சியில எல்லார் முன்னாடியும் சொல்றதா ஒத்துக்க. இப்பவே சரிபண்ணித் தரேன்."

"காசு கேளுடா, தரேன்."

"அதை உன் சவப்பெட்டிக்கு வச்சுக்க."

ராய்ஸ் வண்டிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

அந்த ஊர்க் கண்காட்சிக்கு வண்டி தன் சக்கரத்தில் ஓடி வரவேண்டும். டிரெய்லரில் ஏற்றி வந்தவனுக்கு இடம் வேலியோரம், கழிப்பறைப் பக்கம். மதிய ஊர்வலத்தில் ஓடாத வண்டிக்காரனைச் சங்கத்தை விட்டே எடுத்துவிடுவார்கள். அந்தச் சட்டத்தைப் போட்டவனே ராய்ஸ்தான்.

சனிக்கிழமை காலை ராய்ஸின் பிக்கப் டிரெய்லரில் வந்தது. வெர்லன் காப்பியும் கையுமாக மைதான வாசலிலேயே நின்றான்.

"என்ன ராய்ஸு, மகாராணிக்குக் கால் வலியா?" என்றான் சங்கத் தலைவன் ஆல்வின். வரிசை முழுக்கச் சிரித்தது.

ஊர்வலத்துக்கு எஞ்சின்கள் உறுமத் தொடங்கியபோது, ராய்ஸ் வேலியோரத்திலிருந்து நடந்து வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"பாலத்துல மோதினது நான்தான். குடிச்சிருந்தேன்."

"எஞ்சின் சத்தத்துல கேக்கல" என்றான் வெர்லன்.

"வெல்டிங் விடல! நான் சொன்னது பொய்!"

ஒவ்வொரு எஞ்சினாக அணைந்தது. வெர்லன் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தான். பிறகு பிக்கப்பின் எஞ்சின் மூடியைத் திறந்து, பம்பு வால்வை உருவி, வாஷர்களைச் சொருகி, எண்ணெய் ஊற்றினான். ராய்ஸ் மைதானத்தை ஒரு சுற்று ஓட்டினான். வண்டி பூனைக்குட்டிபோல் அடங்கிப் போனது.

"இத்துனூண்டு வேலையா? அன்னிக்கே பண்ணியிருக்கலாமேடா, பாவி."

"அன்னிக்கே நீயும் ஒத்துக்கிட்டிருக்கலாம்."

ராய்ஸ் கை நீட்டினான். வெர்லன் தன் கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், நீட்டிய கை இறங்கும்வரை.

ஆல்வின் இளித்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "வெர்லன், என் வண்டியோட இரும்புச் சட்டத்துல ஒரு விரிசல் இருக்கு. திங்கக்கிழமை கொண்டுவரவா?"

"அவன் ஒரு பொய்தான் சொன்னான், ஆல்வின். அதை ஊரெல்லாம் சுமந்தது நீ. கொண்டா, டிரெய்லர்ல ஏத்திக் கொண்டா. பகல்ல, கடைத்தெரு வழியா."