இரண்டு நீலம்

பாண்டி பஜார் ஷோரூமில் விற்பனையாளர் ஹபீபுர் ரஹ்மான் இரண்டு பிரிண்டுகளையும் மேஜைமேல் விரித்துப் போட்டதிலிருந்தே சான்ட்ராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவள் கணவர் ஃபிரெட்ரிக் ஓவியர், சாந்தோமில் வீடு. அவருடைய படங்களைக் கெட்டிப் பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு விற்பதற்காக, முப்பத்தாறு அங்குல அகலம் அடிக்கும் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கப் போயிருந்தார்கள். தொண்ணூற்றெட்டில் அப்படியொரு மெஷினை வீட்டுக்குள் கொண்டுவருவது பெரிய காரியம். அவர் வரைந்த பட்டினப்பாக்கம் கடலையே ஹபீபுர் இரண்டு மெஷினிலும் அடித்துக் காட்டினார். ஒன்று வேகமாக ஓடும். மற்றது ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் எடுக்கும். வேகமான மெஷினில் கடல் கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. வாசலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

ஃபிரெட்ரிக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான், வேகமானதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஹபீபுர் சான்ட்ராவைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று அவள் கணவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

கையோடு வாங்கிவந்த பிரிண்டுகளை அந்த வாரம் முழுக்க எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் அதே நினைப்பு. தன் கண்தான் சரியில்லையோ என்று பக்கத்து வீட்டுக் கைசர் ஜஹானைக் கூப்பிட்டுக் காட்டினாள். கைசர், கேட்காமலேயே, இதென்ன கத்திரிப்பூக் கடல் என்றாள். சான்ட்ரா இரண்டு தடவை தி.நகர் ஷோரூம் வாசல் வரை போய், உள்ளே நுழையாமலே பஸ் ஏறித் திரும்பினாள்.

சனிக்கிழமை ஃபிரெட்ரிக் ஆர்டர் கொடுக்கக் கிளம்பினார். அவரை நிறுத்தி, பிரிண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள்.

"இதுல ஒண்ணு ஊதாங்க. நெஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா, ட்யூப்ல எழுதியிருக்கறதைப் படிச்சுத்தான் கலர் எடுக்கறேன், சான்ட்ரா."

ஏன் மறைத்தார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. டாக்டரிடம் போனால் கண்ணில் புரை என்பார், எடுத்துவிடுவார். அப்புறம் இத்தனை நாள் வரைந்தது என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டுமே, அதுதான் பயம் என்றார். அவளால் மேற்கொண்டு திட்ட முடியவில்லை. நிதானமாக ஓடுகிற மெஷினே போதும் என்று ஹபீபுருக்குப் போன் செய்தாள். அடுத்த போன் கண் ஆஸ்பத்திரிக்கு.

ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி வந்ததும், அந்த வருஷத்துப் படங்கள் பதினொன்றையும் அவர் சுவரோரம் சாய்த்துவைத்துப் பார்த்தார். காபி ஆறிப்போனது. மூன்றைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மிச்சத்தை அடிக்கலாம் என்றார்.

முதல் காகிதம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. சான்ட்ரா உட்கார முடியாமல் சமையலறைக்கும் மெஷினுக்குமாக நடந்தாள். நீலம் நீலமாகவே வந்துகொண்டிருந்தது. சொல்லலாம் என்று திரும்பினாள். அவர் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. திருப்பி வைத்த மூன்றில் ஒன்றை ஸ்டாண்டில் ஏற்றி, தூரிகையைத் தேடிக்கொண்டிருந்தார்.