ஜெபச் சங்கிலியில் பதினோராம் ஆள்

எங்கள் சபையின் ஜெபச் சங்கிலியில் பதினொரு பேர். நான் கடைசி. சனிக்கிழமை மாலை பாஸ்டரம்மா இரண்டாம் ஆளைப் போனில் கூப்பிட்டு ஒரு விண்ணப்பத்தைச் சொல்வார். அவர் மூன்றாம் ஆளிடம் சொல்வார். அப்படியே என்னிடம் வந்து சேரும். நான் ஜெபித்துவிட்டுப் பாஸ்டரம்மாவைக் கூப்பிட்டு, "ஜெபிச்சாச்சும்மா" என்று சொன்னால் சங்கிலி முடிந்தது. எழுதி அனுப்பினால் ஜனங்கள் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்பது பாஸ்டரம்மாவின் கட்சி. பெயர் சொல்லக் கூடாது, கதை சொல்லக் கூடாது. கர்த்தருக்குப் பெயர் தெரியும், நமக்கு எதற்கு என்பார்.

பெயர் இல்லாதது எனக்கு ஒரு குறையே இல்லை. பதினாறு வருஷமாகச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறேன். காலரில் குத்தியிருக்கும் எண்தான் எனக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. முந்நூற்றுப் பன்னிரண்டுக்குக் கஞ்சி விறைப்பாக இருக்க வேண்டும். நானூற்று நாற்பது எந்நேரமும் பையில் மிட்டாய்த்தாளை விட்டுவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கணவர் போய் எட்டு வருஷம். பிள்ளை இல்லை. நான் வாய்விட்டுப் பேசுவது கர்த்தரிடமும் டிவியிடமும்தான். டிவியாவது ஏதாவது பேசும்.

கர்த்தரிடம் பதினொரு வருஷமாக எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். என் தங்கை என் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அம்மா படுக்கையில் விழுந்தபோது நான் வேலைக்காக வேறு ஊரில் இருந்தேன். தங்கைதான் பார்த்துக்கொண்டாள். ஒரு கட்டத்தில் முடியாமல் காப்பகத்தில் சேர்த்தாள். அம்மா அங்கேயே இறந்துபோனாள். அடக்கத்தன்று குழியில் போடத் தங்கை கையில் மண்ணை எடுத்தாள். எல்லோர் முன்பாகவும் அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டேன். மண் அவள் புடவையிலெல்லாம் கொட்டியது. "பெத்தவளை அனாதையா சாகவிட்டவளுக்கு மண்ணு போட என்ன யோக்கியதை இருக்கு?" என்றேன்.

அதன்பிறகு வீடு மாறினேன். அவள் கூப்பிட முடியாதபடி அவள் எண்ணையும் போனில் அடைத்துவைத்தேன். கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, அவள் ஏன் இன்னும் வரவில்லை என்று பதினொரு வருஷம் கர்த்தரைக் குடைந்திருக்கிறேன். இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பத்தாம் ஆள் கூப்பிட்டாள். ரொட்டிக்கடை வைத்திருப்பவள். வாய் ஓயாது என்பதால் சபையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"சிஸ்டர், எழுதிக்குங்க. நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஒரு சகோதரி, ஜெபிக்கப் போன பாஸ்டரம்மாகிட்ட கேட்டுக்கிட்டாங்களாம். மூளையில ஏதோ வளர்ந்து கண்ணு நரம்பை அமுக்குதாம். இன்னும் கொஞ்ச நாள்தான் பார்வை இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாராம். அதுக்குள்ள, பேசாம இருக்கிற அவங்க அக்கா முகத்தை ஒரு தடவை பாத்துடணுமாம். அவ்வளவுதான் கேக்கிறாங்க."

எனக்கு மனசு உருகிப்போயிற்று. அந்த அக்கா மேல் கோபம் கோபமாக வந்தது. "ஆண்டவரே, அந்தக் கல்நெஞ்சுக்காரியை அசையும். அவ தூக்கத்தைக் கெடும். எப்படியாவது கூட்டிட்டுப் போய் நிறுத்தும்" என்று முழங்காலில் நின்று அழுதேன். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டைக்கூட விட்டேன். இப்படி மனசார ஜெபித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால், அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

இரண்டாம் வாரமும் அதே விண்ணப்பம். மூன்றாம் வாரம் ரேடியோ தானே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தாள். கதை சொல்லக் கூடாது என்ற சட்டமெல்லாம் அவளிடம் நிற்குமா?

"அவங்களைப் பாத்தேன் சிஸ்டர், பாவமா இருக்கு. அம்மாவைக் காப்பகத்துல சேத்ததுல வந்த சண்டையாம். அடக்கத்துல இவங்க மண்ணு எடுத்துப் போடப் போறாங்க, அந்த அக்கா கையிலயே தட்டிவிட்டாளாம்! மண்ணெல்லாம் புடவையில. என்ன பொம்பளை சிஸ்டர் அவ?"

பேனாவைக் கீழே வைத்தேன். "ம்" என்றேன். "சரி, வெச்சிடறேன்" என்றேன்.

உடனே ஓடினேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் பயம் வந்தது. பத்து நிமிஷத்தில் அது போய் ஆத்திரம் வந்தது. ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருக்கிறாளே! என்னிடம் ஆள் அனுப்பக் கூடாதா? அவள்தானே வர வேண்டும், நான் ஏன் போக வேண்டும்? அவள் படுக்கையில் கிடக்கிறாள் என்பதும், அவள் எண்ணை அடைத்ததே நான்தான் என்பதும் மண்டையில் ஏறவே இல்லை. ஏழு மணிக்குப் பாஸ்டரம்மாவைக் கூப்பிட்டு, "ஜெபிச்சாச்சும்மா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதே பொய்யைச் சொன்னேன்.

மறுநாள் ஆராதனையில் பாஸ்டர், சில ஜெபங்களுக்குப் பதில் வராதது ஏன் என்பதையே பிரசங்கமாக எடுத்துக்கொண்டார். எல்லோரும் இந்தச் சகோதரிக்காக ஒரு மாதமாக ஜெபித்துச் சோர்ந்திருந்தார்கள். விசுவாசக் குறைவாக இருக்கலாம் என்றார், மறைத்துவைத்த பாவமாக இருக்கலாம் என்றார். சிலுவைக்கு முந்தின இரவு, இந்தத் துன்பப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்ட இயேசுவுக்கே அது நீங்கவில்லையே என்றார். சுற்றிலும் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்தச் சகோதரிக்கான பதில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. நான் அன்றைக்கும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கே போன் வந்தது. ரேடியோவின் குரல் வழக்கத்துக்கு மாறாக இறங்கியிருந்தது.

"இனிமே அந்த விண்ணப்பம் வேண்டாமாம் சிஸ்டர். நேத்து காலையில பார்வை போயிடுச்சு. அந்த அக்கா வரவே இல்ல. கர்த்தருக்குச் சித்தம் இல்லபோல. நாம என்ன பண்ண முடியும்?"

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவைத்தேன். கர்த்தருக்குச் சித்தம் இல்லையாம். என் பிடிவாதத்துக்கு அவர் பெயரைப் போட்டு மூடிவிட்டார்கள். இனி அந்த அக்காவைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள், நான் தப்பித்துவிட்டேன். அப்படித் தப்பித்ததில் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. முதலாளியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

இரண்டாவது மாடி, ஆறு கட்டில் போட்ட வார்டு. அவளுக்கு ஜன்னலோரம். நான் நினைத்து வைத்திருந்ததைவிட ரொம்பச் சின்னதாகப் போயிருந்தாள். கூந்தலை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். 

"மருந்தா சிஸ்டர்?" என்று கையை நீட்டினாள்.

"நான்தான்."

நீட்டிய கை அப்படியே நின்றது. "அக்காவா?"

"ம்."

"முடியெல்லாம் நரைச்சிடுச்சா?"

"பாதிக்கு மேல."

"குண்டாயிட்டியா?"

"அதை ஏன் கேக்கிற?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணு போனதைக்கூடத் தாங்கிடுவேன்க்கா. ஆனா, கர்த்தர்கிட்ட நான் பெரிசா எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேட்டேன். ரெண்டு நாள் முன்னாடி உன்னைக் கூட்டிட்டு வந்திருந்தா அவருக்கு என்ன குறைஞ்சிருக்கும்? அம்மா விஷயத்துல என்மேல அவருக்கும் கோபம்தான்போல. அதான் காதைப் பொத்திக்கிட்டார்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. எல்லாம் கர்த்தருடைய வேளை என்று ஒரு வார்த்தை போதும், அவளும் நம்பியிருப்பாள். ஆனால் அவளுக்கு இனி அவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவரையும் அவளிடமிருந்து நான் பிடுங்கிக்கொள்வதா?

"அவர் காதைப் பொத்தல" என்றேன். "நீ கேட்ட வாரமே எனக்குச் சொல்லிட்டார். நீதான்னு தெரியாம உனக்காக நானே அழுது ஜெபிச்சேன். மூணாவது வாரம் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பத்து நாள் வீட்டிலேயே உக்காந்திருந்தேன். அவர் சொன்னார். நான்தான் வரல."

கையை உருவிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். நான் எழுந்து போய்விடுவதுதான் மரியாதை என்று நினைத்துப் பையை எடுத்தேன்.

"அப்போ அவருக்கு என்மேல கோபம் இல்லையா?" என்றாள், திரும்பாமலே.

"இல்ல."

"எனக்கு உன்மேல இருக்கு."

"இருக்கட்டும்."

"நிறைய இருக்கு."

"தெரியும்."

"போயிடாத" என்றாள். "தீர்ற வரைக்கும் இங்கேயே உக்காரு."