ஒரு இடம் பாக்கி

பாலிஷ் மிஷினை நிறுத்திவிட்டு, கார் பம்பரின் இடது மூலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபோன் அடிப்பது அவன் காதில் விழுந்தது. ஃபோன் சட்டைப்பையில் இருந்தது. சட்டை சுவரில் ஆணியில் தொங்கியது. வேலையைத் தொடங்குமுன் சட்டை, வாட்ச், பெல்ட் மூன்றையும் கழற்றிவிடுவான். பெயிண்டின்மேல் ஒரு பொத்தான் உரசினாலும் கீறல்தான். எழுந்து போய் எடுப்பதற்குள் அடித்து ஓய்ந்துவிட்டது. அக்கா ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். முதல் அழைப்பு எட்டு இருபதுக்கு. இப்போது மணி ஒன்பது ஐந்து.

திரும்பக் கூப்பிட்டான். அக்கா அழவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். அத்தானை விடியற்காலையில் ஏதோ கார் இடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டதாம். சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல் ஓடினான்.

பட்டறையில் அவனுக்குக் கண்ணாடி என்று பெயர். கறுப்பு வண்டி வந்தால் வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள், அவனுக்காக நிறுத்தி வைப்பார்கள். கறுப்பில் எல்லாம் தெரியும். கண்ட துணியையும் போட்டுத் துடைத்துத் துடைத்து, வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை விரித்த மாதிரி வட்ட வட்டமாய் மயிரிழைக் கீறல்கள் ஓடும். புது வண்டி இரண்டே வருஷத்தில் கிழடு தட்டிப் போகும். மிஷினில் கம்பளி பேடை மாட்டிக் காம்பவுண்டுப் பசை தடவி ஒரு ஓட்டம், பஞ்சு பேடில் ஒரு ஓட்டம், கடைசியில் மெல்லிய பாலிஷ். அவசரப்பட்டால் பெயிண்டு சூடேறிக் கருகும். அவன் முடித்துக் கொடுத்த வண்டியின்முன் நின்று தலை சீவிக்கொள்ளலாம். அத்தான் அப்படியே செய்வார். பேக்கரியில் அடுப்பு வேலை முடிந்து வரும் வழியில் பட்டறைக்குள் நுழைந்து, யாருடைய வண்டி என்றெல்லாம் பார்க்காமல், கதவுக்கு முன்னால் குனிந்து சீப்பை எடுப்பார். "வீட்டுக் கண்ணாடியைவிட உன் கார்லதான்டா நான் அழகாத் தெரியறேன்" என்பார்.

அந்த அத்தான் பச்சைத் திரைக்குப் பின்னால் படுத்திருந்தார். முகத்தில் ஒரு காயமும் இல்லை. அடுப்புச் சூட்டில் ரோமம் பொசுங்கிப்போன முன்கைகள் இரண்டும் போர்வைக்கு வெளியே கிடந்தன. பெஞ்சில் அக்காவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

ரோட்டோரம் கிடந்தவரை ஒரு பால் வேன்காரர் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தாராம். சட்டைப்பையில் இருந்த பேக்கரிச் சீட்டைப் பார்த்து பேக்கரிக்குச் சொல்லி, பேக்கரியிலிருந்து அக்காவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா இவ்வளவையும் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். பிறகு "ஒம்பது மணி வரைக்கும் பேசினாரு" என்றாள். "தம்பி வந்துட்டானான்னு ரெண்டு தடவை கேட்டாரு."

"மிஷின் சத்தத்துல கேக்கலக்கா."

அக்கா தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாத சத்தம் இல்லை அது.

ஒன்றே முக்காலுக்கு எல்லாம் முடிந்தது. நர்ஸ் முதலில் கட்டில் பக்கத்துக் கருவியின் சத்தத்தை நிறுத்தினார், அப்புறம்தான் திரும்பி இவர்களைப் பார்த்தார். மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கட்டிலுக்கு அடியில் குனிந்து அவருடைய செருப்பைத் தேடினாள். ஒன்றுதான் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

உடலை மறுநாள்தான் தருவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து, சைக்கிளைப் பார்த்து அவருடையதுதானா என்று சொல்ல யாராவது வரவேண்டும் என்றார். கண்ணாடி போனான்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சுவரோரமாகச் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பின் சக்கரம் எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவருடையதுதானா என்று கேட்கவே தேவையில்லை. அந்த நிறத்தில் ஊரில் வேறு சைக்கிள் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஜீப்புக்கென்று மயில்கழுத்து நிறத்தில், மினுக்குத் தூள் போட்டுக் கலந்த பெயிண்டில் கால் டப்பா மிஞ்சியது. ஒரு விடுமுறை நாளில் இவன்தான் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, சுரண்டி, இரண்டு கோட்டு அடித்துக் கொடுத்தான். அத்தான் சின்னப் பிள்ளை மாதிரி தெருவை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். "இனிமே இருட்டுல வந்தாக்கூட என்னைத் தெரியும்டா" என்றார்.

பின் சக்கரத்து மட்கார்டில் பெயிண்டு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தை ஒட்டிக் கட்டைவிரலால் தீற்றியது போலக் கறுப்பாக ஒரு தடம்.

கண்ணாடி குனிந்து அந்தத் தடத்தைக் கிட்டத்தில் பார்த்தான்.

அன்று காலை ஏழரைக்கு மரக்கடைக்காரர் ஒருவர் பட்டறையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஆறு வருஷப் பழக்கம். கறுப்பு வண்டி. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். வேலை முடிந்ததும் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்ப்பவர் போல, "உன் கையில என்னமோ இருக்கு தம்பி" என்பார். இன்றைக்கு வண்டியை விட்டு இறங்காமலே பேசினார். வீட்டு கேட்டில் உரசிவிட்டது, அந்த மூலையை முதலில் எடுத்துவிடு, அப்புறம் வண்டி முழுக்க ஒரு பாலிஷ் போட்டுவிடு, அப்போதுதான் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியாது என்றார். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

மூலையில் நாலு விரல் நீளத்துக்கு மயில்கழுத்து நிறம் ஒட்டியிருந்தது. விளக்கைக் காட்டியபோது அதற்குள் மினுக்கு தெரிந்தது. கேட்டுக்கு யார் மினுக்குப் பெயிண்டு அடிப்பார்கள் என்று அப்போதே ஒரு கணம் தோன்றியது. நம் அத்தான் சைக்கிள் மாதிரியே இருக்கிறதே என்றும் தோன்றியது. சாயங்காலம் அவரிடம் சொல்லிச் சிரிக்கவேண்டும், உங்கள் கலருக்கு ஊரில் போட்டி வந்துவிட்டது என்று. அதை நினைத்துக்கொண்டே மிஷினை ஓடவிட்டான்.

சைக்கிள் அவருடையதுதானா என்று போலீஸ்காரர் இரண்டாம் முறை கேட்டார். அவருடையதுதான் என்றான். போலீஸ்காரரின் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் வருவதாக அக்காவிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனான். தன் கண்ணால் இன்னொரு தடவை பார்க்காமல் ஒரு மனிதனைக் கொலைகாரன் என்று எப்படிச் சொல்வது? கண்டதெல்லாம் பொய்யாக இருக்கட்டும் என்றும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனான்.

வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. இடது மூலையில் அவன் முகம் தெரிந்தது. ஒரு தழும்பில்லை. கம்பளி பேடைக் காலையில் அவனே சோப்புப் போட்டுக் கழுவிக் கொடியில் மாட்டியிருந்தான். அது வெள்ளைவெளேரென்று காய்ந்திருந்தது. துடைத்த துணியும் அப்படித்தான். கழுவின தண்ணீர் எப்போதோ சாக்கடையில் போய்விட்டது. அவனைப்போலச் சுத்தமாக வேலை செய்கிறவன் அந்தப் பட்டறையில் கிடையாது.

விளக்கை எடுத்துக்கொண்டு தரையில் படுத்தான். ஹெட்லைட்டுக்குக் கீழே, பம்பரும் தகடும் சேரும் இடத்தில் ஒரு நகக்கண் அளவு இடைவெளி உண்டு. பாலிஷ் எல்லாம் முடிந்தபிறகு, அதில் உறைந்து கிடக்கும் காம்பவுண்டைப் பல் துலக்கும் பிரஷால் எடுப்பதுதான் கடைசி வேலை. அதற்குள்தான் ஃபோன் வந்துவிட்டது. வெள்ளைப் பொடிக்கு நடுவே ஒரு நூலளவு பெயிண்டு, மயில்கழுத்து நிறத்தில், வெளிச்சம் பட்டபோதெல்லாம் மினுங்கியது.

அப்படியே படுத்துக் கிடந்தான். முதலாளி வந்து என்னவென்று கேட்டார். சொன்னான். முதலாளி கீழ்த்தரமானவர் இல்லை. அத்தானைத் தெரிந்தவர். இருந்தாலும், நன்றாக யோசித்துச் செய், அந்த மனிதர் சொல்லித்தான் பாதி வண்டி இங்கே வருகிறது, நிறம் ஒரே மாதிரி இருப்பதாலேயே ஒன்றாகிவிடுமா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடி எழுந்து போலீஸ்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால், யாரும் அந்த மூலையை நெருங்க முடியாதபடி, தரையில் உட்கார்ந்துகொண்டான். முதலாளி உள்ளே போய் ரேடியோவை அணைத்தார்.

போலீசுக்கு முன்னால் மரக்கடைக்காரர் வந்துவிட்டார்.

"முடிஞ்சுதா தம்பி?"

"இல்ல சார். ஒரு இடம் பாக்கி."

எந்த இடம் என்று அவன் சொல்லவில்லை, கையும் காட்டவில்லை. மரக்கடைக்காரரின் பார்வை நேராக அவன் தோளுக்குப் பின்னால், இடது மூலைக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு அவனுடைய முகத்துக்கு வந்தது. திருப்பிப் போட்ட சட்டையையும் பார்த்தார்.

"உங்க வீட்டு ஆளா?"

"எங்க அத்தான்."

"இருக்காரா?"

"ஒன்னே முக்காலுக்குப் போயிட்டாரு."

மரக்கடைக்காரர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெயிண்டு டப்பாவின் மேல் உட்கார்ந்தார். ஓடிப்போகவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார். மரம் இறக்க லாரி வருகிறதென்று விடியுமுன் கிளம்பினாராம். ஒரு விநாடி கண் சொருகியிருக்கும். சத்தம் கேட்டதும் முதலில் நாய் என்று நினைத்தாராம். இல்லை, நாய் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாராம். பிரேக்கின்மேல் வைத்த கால் அழுத்த மாட்டேன் என்றது. அரை மணி கழித்து அதே வழியாகத் திரும்பி வந்தார். கூட்டம் நின்றது. யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று வந்துவிட்டார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து அடித்திருப்பானோ என்னவோ. இரண்டு பேரும் ஒரு வண்டிக்காகக் காத்திருக்கும் ஆட்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

போலீஸ்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். சின்னக் கத்தியால் அந்த நூலைச் சுரண்டி ஒரு காகித உறைக்குள் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்த போலீஸ்காரர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இவனைக் கேட்டார்.

"இந்தக் கலரைப் பாத்தப்பவே உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முதலாளிகூட அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்.

"தெரிஞ்சுது. வீட்டு கேட்டுன்னு சொன்னாரு. சரின்னு விட்டுட்டேன்."

போலீஸ்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. இடித்தவரைப் பிடித்துவிட்டார்கள் என்று அக்காவுக்கு இரவே தகவல் வந்திருந்தது. எப்படிப் பிடித்தார்கள் என்பதை அவள் கேட்கவில்லை. வந்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை அவள் எழுந்து சமையலறைக்குப் போனபோது அவனும் பின்னால் போனான்.

"அக்கா, நீ ஃபோன் பண்ணப்போ நான் அந்த வண்டியைத்தான் தேச்சுக்கிட்டிருந்தேன்."

அக்கா குழாயைத் திறக்கப்போன கையை எடுத்துவிட்டாள்.

"அந்தக் கறையைத்தான் எடுத்தேன். அத்தான் சைக்கிள் மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே எடுத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றோடொன்று மோதும் சத்தம் நின்ற பிறகு அக்கா கேட்டாள்.

"வேற யாராவது தேச்சிருந்தா இவ்வளவு சுத்தமாப் போயிருக்காதுல்ல?"

"போயிருக்காது."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அடுப்பு மேடையில் ஈரமே இல்லாத இடத்தை உள்ளங்கையால் இரண்டு தடவை வழித்தாள். கேட்டவுடனே அவள் அழுதிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, அவனைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

அவன் அங்கேயே நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் பேச்சுச் சத்தம் திடீரென்று அடங்கியதும் எட்டிப் பார்த்தான்.

பேக்கரி ஆட்கள் வந்திருந்தார்கள். காலை வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கவேண்டும். ஒன்பது பேர். புருவத்திலும் காது மடலிலும் மாவு. எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். அத்தானைப் பார்த்துவிட்டு வந்த ஒவ்வொருவரும் அந்த வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

அக்கா கதவு நிலையில் சாய்ந்தபடி, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அவங்களுக்குத் தண்ணி குடு."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். கைக்குக் கிடைத்தது ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். முதல் ஆள் இரண்டு கையாலும் வாங்கி, நிமிராமல் குடித்து, திருப்பிக் கொடுத்தார். டம்ளரின்மேல் அவருடைய விரல்கள் ஐந்தும் மாவாகப் பதிந்திருந்தன. அவன் அதைத் துடைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த ஆள் கையை நீட்டிக் காத்திருந்தார்.