சுவருக்குள் போன ஒயர்

மாதுங்காவில் எங்கள் வீட்டு ஹால் ரேடியோவிலிருந்து சமையலறை ஸ்பீக்கருக்கு ஓர் ஒயர் போயிற்று, ஹாலுக்கு நட்டநடுவில், தலைக்கு மேலே. எத்தனை இழுத்துக் கட்டினாலும் சாயங்காலத்துக்குள் தொய்ந்துவிடும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். மானம் போயிற்று.

சுவருக்குள் மறைத்துவிட மேஸ்திரியைக் கூப்பிட்டேன். இரண்டே நாள் என்றவர் பத்து நாள் சுவரைக் குடைந்தார். சாம்பாரில்கூடச் சிமெண்ட் தூசி. ஒருவழியாகப் பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. ஒயர் இருந்த சுவடே இல்லை.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் மேனேஜரைக் காபிக்கு அழைத்து வந்தேன், சுவரைக் காட்டத்தான். கதவைத் திறந்தால், ஒயர் போன அதே வழியில் ஒரு புதுக் கயிறு. அதில் ஒன்பது கஜப் புடவை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அபயாம், என்னடி இது?" என்று கத்தினேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க ஆபீஸ் போனப்பறம், ரெண்டு வருஷமா என் மடிப்புடவை யார் மேலயும் படாம அந்த ஒயர்லதான் உலர்ந்தது. புதைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டேளா?"

பிறகு மேனேஜரைப் பார்த்து, "சார், புடவைமேல பட்டுடாம குனிஞ்சு வாங்கோ" என்றாள்.