காது மெசின்

என் தம்பி துஷாந்தனுக்குக் காதில் எந்தக் கோளாறும் இல்லை. இதை யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் நின்று கத்தச் சொன்னாலும் கத்துவேன். எங்கள் தோட்டத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? அவனுக்கு வந்திருப்பது மனச்சிதைவு நோய். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், யாரோ மறைந்து நின்று தன்னைத் திட்டுவதாகச் சொல்லி, கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மலையில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை.

கிளினிக் மாத்திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். சிரிக்கக்கூடச் செய்தான். அப்புறம்தான் கொழும்பில் ஓர் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். தலையில் வயர் கோத்த தொப்பி, காதில் ஹெட்போன். ஒரே மாதிரி சத்தம் திரும்பத் திரும்ப வரும். நடுவே திடீரென்று வேறொன்று. டொக்டரம்மா சிங்களத்தில் சொன்னதை அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

"சத்தம் மாறுனா நம்ம மூளை தானா திடுக்கிடுமாம்மா. இந்த நோய் தொடங்குன ஆளுங்களுக்கு அது கொறைவா இருக்குமாம். அதத்தான் பாக்குறாங்க. காது நல்லா இருக்காம். மாத்திரைய மட்டும் நிப்பாட்டவே கூடாதாம்."

அம்மா தலையாட்டினாள். அவள் பார்த்தது ஹெட்போனை மட்டும்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும், எதிரே வந்த பக்கத்து வீட்டு அழகம்மாவிடம், "பயலுக்குக் காதுதான் கோளாறாம். கொழும்புல மெசின் வச்சே பாத்துட்டாங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! பிஸ்ஸு, பைத்தியம் என்று ஒதுங்கிப்போன லயத்து வீட்டுச் சனமே மறுநாள் எங்கள் வாசலுக்கு வந்து, அவன் காதருகே குனிந்து, "சாப்ட்டியாப்பா?" என்று அலறியது. அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "யம்மா, அவனுக்குக் கேக்குதும்மா!"

"வாய மூடுடி. காதுன்னா நாளைக்கு எவளாச்சும் அவனக் கட்டுவா. நீ சொல்றது வெளிய தெரிஞ்சா ஒனக்கே மாப்பிள்ள வராது."

அதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிந்தது.

காதுக்கோளாறுக்கு எதற்கு இந்த மாத்திரை என்று அம்மா நிறுத்திவிட்டாள். நான் ஒளித்துவைத்துக் கொடுத்தால், "எனக்குக் காதுதான்க்கா" என்று அவனே துப்பினான். பைத்தியம் இல்லை என்று ஊரே சொல்லும்போது யாருக்குத்தான் கசக்கும்? ராத்திரியெல்லாம் சுவரோடு பேசத் தொடங்கினான். அம்மா அதையும் காதுதான் என்றாள்.

தேர்தல் நெருங்கியதும் தொழிற்சங்கத் தலைவருக்கு எங்கள் ஞாபகம் வந்தது. கோயில் மண்டபத்தில் மேடை போட்டார்கள். அம்மா அவர் காலில் விழாத குறையாக அழுது, மகனுக்கு ஒரு காது மெசின் கேட்டு வாங்கிவிட்டாள். மாலை, மைக், போட்டோ, ஒன்றுக்கும் குறைவில்லை. தலைவர் தன் கையாலேயே மெசினை அவன் காதில் மாட்டி, மைக்கை வாயருகே நீட்டினார்.

"இப்ப கேக்குதா தம்பி?"

மேடையடியில் நின்ற என்னைத் துஷாந்தன் தேடிப் பார்த்தான்.

"கேக்குது" என்றான்.

தலைவர் சட்டென்று மைக்கை இழுத்துக்கொண்டார். அவருக்கு அது போதும். தோட்டமே கைதட்டியது. அந்தச் சத்தத்தில் தம்பி மேடை ஓரத்தில் என் பக்கம் குனிந்து மீதியை எனக்கு மட்டும்தான் சொன்னான்.

"என்னைய வெட்டப் போறாங்களாம்க்கா. முன்னவிட இப்ப பலமாக் கேக்குது."

எல்லோரும் ஓய்ந்த பிறகும் அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள்.